ஜீரோ கேட்டும் தட்கலும்

ராயபுரம் ரயில் நிலையத்தை இதுவரை பார்க்காதவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். 1856ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. தூண்கள் கம்பீரமாக இருக்கும். அப்படியே காசிமேடு பக்கம் நடந்தால் இன்னொரு காட்சி. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கிக் கன்டெய்னர் லாரிகள். 2010களில் இந்த வரிசை எண்ணூர் விரைவு சாலையில் கிலோமீட்டர் கணக்கில் நின்றது. லாரிக்குப் பக்கத்திலேயே ஸ்டவ்வை வைத்துச் சமைத்து, தூங்கி, ஒரு நாளைக்கு மேலும் காத்துக் கிடந்தார்கள் டிரைவர்கள்.

நான் எழுத உட்கார்ந்தது ரயில்வேயின் டிக்கெட் இணையதளத்தைப் பற்றி. லாரிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ரெண்டுக்கும் ஒரே வியாதி.

வியாதிக்குக் கணிதம் இருக்கிறது. 1909ல் எர்லாங் என்கிற டேனிஷ்காரர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனிக்காக ஆரம்பித்து வைத்த வரிசைக் கணக்கு. சூத்திரம் வேண்டாம், விடை மட்டும் சொல்கிறேன். ஒரே கேட், லாரிகள் முன்னே பின்னே இஷ்டத்துக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட் தன் சக்தியில் பாதிக்கு வேலை செய்யும்போது, ஒரு லாரியைச் சோதிக்க ஆகும் நேரம் எவ்வளவோ அவ்வளவுதான் சராசரிக் காத்திருப்பு. 90 சதவிகிதத்துக்கு வேலை செய்தால் அதுபோல ஒன்பது மடங்கு. 95 என்றால் பத்தொன்பது மடங்கு. நூற்றைத் தொட்டால்? கணக்கில் முடிவிலி. நடைமுறையில் திருவொற்றியூர்.

துறைமுகம் என்ன செய்யலாம்? காகிதங்களைச் சீக்கிரம் பார்க்கலாம். இன்னொரு கேட் திறக்கலாம். சரக்கை வேறு துறைமுகத்துக்கு அனுப்பலாம். 2001ல் எண்ணூர் துறைமுகம் வந்தது. 2011ல் ஹைகோர்ட் உத்தரவால் சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரி அங்கே போனது (காரணம் வரிசை அல்ல, வடசென்னைக்காரர்கள் மூச்சில் ஏறிய தூசி). அப்புறம் காட்டுப்பள்ளி. கம்ப்யூட்டர்காரர்கள் செய்வதும் இதேதான். பெரிய சர்வர் வாங்குவார்கள், இல்லாவிட்டால் பக்கத்தில் பத்து சின்ன சர்வர் போடுவார்கள்.

ஆனால் ரயில் டிக்கெட்டில் ஒரு சிக்கல். கன்டெய்னர் எந்தத் துறைமுகத்துக்கும் போகும். பாண்டியன் எக்ஸ்பிரஸ் எஸ்7 கோச் 32ஆம் நம்பர் பெர்த் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை இரண்டு சர்வர்கள் ஒரே சமயத்தில் விற்றுவிடக் கூடாது. ஒருவர் தொட்டவுடன் மற்றவர்களுக்குப் பூட்டவேண்டும். முன்னால் நூறு வாசல் வைத்தாலும் உள்ளே கோடவுன் ஒன்று.

அந்தக் கோடவுன் பழையது. கம்ப்யூட்டர் ரிசர்வேஷன் 1985ல் டெல்லியில் துவங்கி, சென்னை உட்பட ஐந்து மையங்களாகப் பரவி, 1999ல்தான் ஒன்றோடொன்று இணைந்தது. ஐஆர்சிடிசி இணையதளம் அதன் முன்னால் 2002ல் வைத்த வாசல். ஆரம்பத்தில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வந்தது ஞாபகமிருக்கிறதா? 2005ல்தான் ஈ-டிக்கெட். 2014ல் மராமத்துப் பார்த்து, அடிக்கடி தேவைப்படும் விவரங்களை டிஸ்க்கிலிருந்து எடுக்காமல் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டார்கள். நிமிஷத்துக்கு 2,000 டிக்கெட் என்பது 7,200 ஆனது. 2025 மே 22 காலை பத்து மணிக்கு ஒரே நிமிஷத்தில் 31,814 டிக்கெட் விற்றிருக்கிறார்கள். இதற்கு சபாஷ் போடாமல் குறை சொல்வது நியாயமில்லை. போட்டாயிற்று.

இனி குறை.

2025ல் ரயில்வே ஓர் அறிவிப்பு செய்தது. நிமிஷத்துக்குச் சுமார் 32,000 டிக்கெட் என்ற திறனை ஒன்றரை லட்சமாக்கப் போகிறார்கள். 'இடம் இருக்கா?' என்று கேட்பதை நிமிஷத்துக்கு 4 லட்சத்திலிருந்து 40 லட்சமாக. அதாவது ஒரு டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் சும்மா விசாரிக்கிறார்கள். விசாரணைக்கு கோடவுனைத் திறக்கவே வேண்டாம். காசிமேட்டு ஏலத்தில் விலையை ஒருமுறை உரக்கச் சொன்னால் சுற்றி நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கிறது. அதுபோல சில விநாடிக்கு ஒருமுறை எண்ணிக்கையை வெளியே எழுதி வைத்தால் போதும். வெப் பாஷையில் கேஷ். அந்த 40 லட்சத்தைப் பற்றி எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒன்றரை லட்சம்தான் உறுத்துகிறது. தட்கல் சீட் கூடவில்லையே ஐயா! கேட் ஐந்து மடங்கு வேகமானால் இருக்கிற சீட் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் தீரும், அவ்வளவுதான். தோற்பவர்களின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், சீக்கிரம் தோற்பார்கள். ஃபைபர் இணைப்புக்காரர் ஜெயிப்பார். எண்ணூரில் சிக்னல் ரெண்டு கட்டை வைத்துக்கொண்டு கேப்ட்சா அடிப்பவர் வெயிட்டிங் லிஸ்ட். எல்லாரையும்விட வேகம் மனுஷனே இல்லாத மென்பொருள். முதல் ஐந்து நிமிஷத்தில் லாகின் முயற்சிகளில் பாதிவரை 'பாட்'கள்தான் என்று அமைச்சகமே 2025ல் சொன்னது.

அந்தப் பத்து மணி நெரிசல் இயற்கையாக வந்ததல்ல. விதி போட்டு உண்டாக்கியது. தட்கல் எட்டு மணிக்கு இருந்தது, 2012ல் பத்துக்கு மாறியது. 2015ல் ஏசி பத்துக்கு, மற்றது பதினொன்றுக்கு என்று பிரித்தார்கள். என் மார்க்கில் இத்தனை வருஷத்தில் செய்த சிறந்த காரியம் இதுதான். ஒரு சர்வர் வாங்கவில்லை, கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

இதையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் என்ன? திருப்பதி தேவஸ்தானம் சில சேவைகளுக்கு எலக்ட்ரானிக் டிப் வைத்திருக்கிறது. பெயர் கொடுக்க அவகாசம் உண்டு, முதலில் வந்தவருக்கு முன்னுரிமை கிடையாது, குலுக்கலில் விழுந்தால் பணம் கட்டலாம். தட்கலுக்குப் பத்திலிருந்து பத்தரை வரை மனு வாங்கிக் குலுக்கினால் பத்து மணி அடித்த அந்தக் கணத்துக்கு மதிப்பே போய்விடும். பாட் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பிரயோஜனம் இல்லை. ஒரே ஆள் நூறு மனு போடுவானே என்பீர்கள். 2025 ஜூலையிலிருந்து தட்கலுக்கு ஆதார் கேட்கிறார்கள். அதை ஆளுக்கு ஒரு மனு என்று பயன்படுத்தலாமே. அதிர்ஷ்டத்தை நம்பச் சொல்கிறாயா என்று சிலர் கோபிக்கலாம். இப்போது மட்டும் எதை நம்புகிறோம், உங்கள் ப்ராட்பேண்டையா?

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். பயணிகளின் பெயர், வயது எல்லாவற்றையும் முந்தின இரவே மாஸ்டர் லிஸ்ட்டில் ஏற்றி வைத்துவிடுங்கள். அனுபவமுள்ள டிரைவர் காகிதங்களைக் கேட்டுக்கு வரும் முன்பே கையில் எடுத்து வைத்துக்கொள்வார்.