சாட்சியின் வாயில் சொல் வைக்காதே

நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமென்று செயலாளர் மூன்று முறை சொல்லியனுப்பிவிட்டார். பெரியவர்கள் இருக்க நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். சாட்சி கேட்கச் சொல்லித்தந்த ஐயாவின் மாணவன் என்பதால் தட்ட முடியவில்லை.

சாவின் விளிம்புக்குப் போய் மீண்டவர்களின் அனுபவங்களை ஆராய மூடி என்பவர் 1975-இல் போட்ட பாதையையும், அதெல்லாம் இறக்கும் மூளையின் வேலை என்று சூசன் பிளாக்மோர் சொன்ன கணக்கையும் உறுப்பினர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வான் லோம்மல் வழியினர்மேல் எனக்கு மரியாதை உண்டு. நெதர்லாந்தின் 10 மருத்துவமனைகளில் இதயம் நின்று மீண்ட 344 பேரைக் கேட்டு, 62 பேருக்கே அத்தகைய அனுபவம் இருந்ததென்று 2001-இல் ஒளிக்காமல் எழுதினார்கள். பிராணவாயுக் குறைவுதான் காரணமென்றால் மற்றவர்களுக்கு ஏன் வரவில்லை என்பது அவர்கள் வாதம். பார்னியா குழு, உடலைவிட்டு மேலே மிதந்ததாகச் சொல்பவர்களைச் சோதிக்க, மேலிருந்து மட்டுமே தெரியும்படி கூரையை ஒட்டிப் பலகை அடித்துப் படம் வைத்தது. கண்டதையும் கேட்டதையும் விவரித்த இருவருமே பலகை இல்லாத இடத்தில் சரிந்தவர்கள். 2014-இல் அதைப் படித்துவிட்டு ஐயா வெகுநேரம் சிரித்தார்.

எங்கள் வழி வேறு: சாட்சி தானாகச் சொன்னதை மட்டுமே எழுதுவது. மறுபிறப்பு ஆய்வாளர் ஸ்டீவன்சனை எழுத்தில் மறுத்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி சி.டி.கே. சாரியைப் படித்து வளர்ந்தவர் ஐயா. ஆனால் அவர் மேசைமேல் எப்போதும் இருந்தது, சத்வந்த் பஸ்ரிச்சாவும் அதே ஸ்டீவன்சனும் 1986-இல் வெளியிட்ட கட்டுரை. சாவின் விளிம்புக்குப் போய் மீண்ட வட இந்தியர் 16 பேரைப் பற்றியது. எமதூதர்கள் இழுத்துப் போகிறார்கள், ஏட்டைப் புரட்டுகிறார்கள், ஆள் மாறிவிட்டதென்று திருப்பி அனுப்புகிறார்கள். "அங்கேயும் குமாஸ்தா தப்புதானா!" என்பார்.

ஒருமுறை, பிரசவத்தில் 'போய் வந்த' ஒரு பாட்டியிடம் என்னை அனுப்பினார். நாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார். "வெளிச்சம் தெரிஞ்சதா பாட்டின்னு நீ கேட்டிருக்கே. வெளிச்சத்தைக் கொடுத்ததே நீதான், அவங்க பார்த்ததா எப்படி எழுதுவே?" நாலு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். சிவப்பு மையில். அதோடு அந்தப் பாட்டியிடம் மறுபடி போகவும் விடவில்லை. கெட்டுப்போன சாட்சி என்றார். இத்தகைய அனுபவத்தை அளக்கக் கிரேசன் வகுத்த 16 கேள்விகள்மேலும் அவருக்கு இதே குறைதான்.

இன்று சிலர், யாரென்று சொல்லப்போவதில்லை, அவர்கள் ஆர்வத்தையும் குறை சொல்லவில்லை, கைபேசியை நீட்டி "சுரங்கப்பாதை வந்ததா?" என்றே ஆரம்பிக்கிறார்கள். பின்னணியில் புல்லாங்குழல் இசை வேறு. தேதி கிடையாது, மருத்துவமனைச் சீட்டைக் கேட்பது கிடையாது, சாட்சியின் மனைவியைத் தனியே விசாரிப்பது கிடையாது. நம் மாதக் கூட்டத்திலேயே சாட்சி பேசி முடிக்குமுன் போண்டாத் தட்டு சுற்றுகிறது. வருகைப் பதிவேட்டில் பென்சிலால் கையெழுத்துப் போடுகிறார்கள், பென்சிலால்! பதிவேட்டுக்குக் கோடு போட ஆளில்லாத சங்கம் மறுமையை எப்படி நிறுவும், எப்படி மறுக்கும்?

ஐயாவின் குறிப்பேடுகள் 11. பத்து என் பரணில் தகரப் பெட்டியில் பத்திரமாக உள்ளன. நூலகத்துக்குத் தரச் சம்மதம். நான்காம் எண் ஏட்டை ஒரு வாரத்தில் தருவதாக வாங்கிப்போன அன்பர் இந்த மலரையும் வாசிப்பார். பச்சை அட்டை, முனையில் காபிக் கறை.