மணமுள்ள வாண்டா

ஆர்க்கிட் வளர்க்கும் அன்பர்கள் இருவர் சந்தித்தால், பூ எத்தனை அங்குல அகலம், இதழ்கள் இடைவெளியின்றிப் பொருந்தி வட்டமாக நின்றனவா, எத்தனை வாரம் வாடாமல் இருந்தது என்றெல்லாம் விசாரித்துக்கொள்கிறார்கள். மணம் உண்டா என்று கேட்பவர் அபூர்வமாகிவிட்டார். எனக்கோ அந்தக் கேள்வியே பிரதானம். ஆதலால், 1931-இல் பதிவான ரோத்ஸ்சைல்டியானா என்னும் வாண்டாக் கலப்பின் நீலத்தைக் கண்டு எல்லோரும் பிரமித்து நிற்கையில், நானும் அதற்குரிய மரியாதையைச் செலுத்திவிட்டு மெல்ல மிமி பாமரின் பக்கம் நகர்ந்துவிடுவது வழக்கம்.

மிமி பாமர் 1963-இல் சிங்கப்பூரில் பதிவான வாண்டாக் கலப்பு. அதன் தாய் சாமானியமான செடியன்று. 1954-இல் லண்டன் செல்சி கண்காட்சியில் முதல்தரச் சான்று பெற்ற டான் சாய் யான். அதன் வழியாகப் போர்னியோத் தீவின் டியரியும், உருளை இலை கொண்ட டெரஸும் இதன் வம்சத்தில் கலந்திருக்கின்றன. ஆனால் பாதி ரத்தம் தந்தது நம் டெஸ்ஸலாட்டா. 1795-இல் தாவரவியலறிஞர் ராக்ஸ்பர்க் தமது சோழமண்டலக் கரைத் தாவர நூலில் வர்ணித்து உலகுக்கு அறிமுகப்படுத்திய, நம் கோயிற்காட்டு மரங்களைப் பற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் மழையில்லாவிட்டாலும் சலிக்காமல் உயிர்வாழும் அந்தப் பரம ஏழைச் செடிதான். கட்டங்கட்டமாய்க் கோடோடிய இதழையும், நடுவே அடர்ந்த ஊதா உதட்டையும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பரிமளத்தையும் மிமி பாமருக்குத் தந்தைவழிச் சொத்தாக அது விட்டுச்சென்றது. காலையில் மெலிந்து தொடங்கும் அந்த மணம் வெயில் ஏற ஏறத் திரண்டு, உச்சிவேளையில் தாழ்வாரம் முழுவதையும் ஆட்கொண்டு, இருட்டியதும் அடங்கிவிடுகிறது. மல்லிகையின் மணத்தைப்போல் தானே வந்து அறிமுகம் செய்துகொள்வதன்று இது. கடந்துபோகிறவனை நிறுத்தித் திரும்பிப் பார்க்கவைப்பது.

வட்டமே வனப்பு என்று வாதிப்போரைச் சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்கு அழைத்துச் செல்ல எனக்கு ஆசையுண்டு. ஒன்பதாம் நூற்றாண்டுச் சித்திரக்காரன் அந்த விதானத்துத் தாமரைப் பொய்கையில் மொட்டையும், பாதி விரிந்ததையும், முற்றும் மலர்ந்ததையும், வெவ்வேறு திசை நோக்கியவற்றையும் ஒரே ஆதரவோடு தீட்டியிருக்கிறான். நீண்ட தண்டோடு பறித்துத் தோளில் சாய்த்துக்கொண்ட மலரிலும் அவன் கை தளரவில்லை. கண்காட்சி நடுவர் ஒருவர் அளவுகோலுடன் அங்கே வந்தால் அவற்றில் பலவற்றுக்கு மதிப்பெண் குறைத்திருப்பார் என்பதில் சந்தேகமில்லை.

அந்தச் சித்தன்னவாசல் குன்றின் பக்கத்தில் வாண்டா வளர்ப்பது எளிதன்று. சித்திரையில் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை இரவில் கக்கும். ஆடிக்காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஓடும். ஆழ்குழாய் நீரோ இலைமேல் உப்பு வெள்ளையாகப் படிய விடும். மழைநீரைப் பிடித்துவைத்தே நான் ஊற்றுகிறேன். தேக்குச் சட்டக் கூடையில் நாலைந்து கரித்துண்டுகளுக்கு மேல் எதுவும் வேண்டாம். தேங்காய்நாரைத் திணிப்பவர்கள் வேரை அழுகவிடுகிறார்கள். விடியற்காலையில், வெளுத்திருக்கும் வேர்கள் முழுவதும் பச்சையாகும்வரை ஊற்றி, சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒருமுறை ஊற்றினால் போதும். மாலைக்குள் உலர்ந்துவிட வேண்டும். இலை கிளிப்பச்சையாக இருந்தால் வெளிச்சம் சரி. கரும்பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சிதான், ஆனால் அச்செடி பூக்காது. ஃபலெனாப்சிஸ் பூவின் தீர்க்காயுளைப் புகழ்ந்து எழுதும் குளிர்நாட்டு அன்பர்களோடு எனக்கு விரோதமில்லை; எங்கள் கோடையில் அதன் குருத்து அழுகுவதை அவர்கள் பார்த்ததில்லை, அவ்வளவே. டெண்ட்ரோபியத்தைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அது கல்யாண மேடைக்குப் போய்விட்டது.

என் வருத்தம் வேறு. 1906-இல் சாண்டர் வெளியிட்ட ஆர்க்கிட் கலப்புகளின் பட்டியலும், 1961 முதல் லண்டன் ராயல் தோட்டக்கலைச் சங்கம் பரிபாலித்து வரும் பதிவேடும் இருப்பதால், கூடையில் தொங்கும் ஒரு பெயரட்டையைக் கொண்டே செடியின் பாட்டன் பூட்டன் வரை போய்ச் சேரலாம். இன்று பல பண்ணைகள் அந்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ‘பர்ப்பிள் வாண்டா’, ‘எல்லோ வாண்டா’ என்று நிறத்தைச் சொல்லி விற்கின்றன. வம்சம் தெரியாத செடியில் மணத்தை எப்படித் தேடுவது? மிமி பாமர் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிக் கொடுத்த ஒரு செடி, இரண்டு மழைக்காலம் காக்கவைத்து, தட்டுத் தட்டாகப் பெரிய பூக்களை விரித்தது. உச்சிவெயிலில் மூக்கை உதட்டருகே கொண்டுபோனாலும் ஒரு வாசனையும் இல்லை. விற்றவரிடம் போய்ச் சொன்னேன். “வாண்டாவுக்கு ஏதுங்க வாசனை?” என்று அவர் சிரித்தார்.