அன்டிகனியும் எங்கள் வகுப்பறையும்

கிரேக்கப் பண்பாட்டை மாணவருக்கு அறிமுகஞ்செய்யப் புகும் ஆசிரியர்களில் அநேகர் சியூஸ், அப்பலோ, அதீனா எனத் தெய்வங்களின் பெயர்ப்பட்டியலோடு தொடங்குகின்றனர். நானும் பல வருடங்கள் அவ்வாறே செய்தவன்தான். பரீட்சை முடிந்ததும் பட்டியலும் மறந்துபோகும். இப்போது சோபொக்கிளிஸின் 'அன்டிகனி'யையே முதலில் எடுக்கிறேன்.

கி.மு. 441 அளவில் ஏதென்ஸில் மேடையேறியதாகக் கருதப்படும் நாடகம் இது. தன் நகரின் மீதே படையெடுத்து வந்து மாண்ட பொலினைசிஸை எவரும் அடக்கக்கூடாது, உடல் நாய்க்கும் பறவைக்கும் இரையாகட்டும் என்கிறான் மன்னன் கிரியோன். சகோதரி அன்டிகனி ஆணையை மீறி உடலின்மேல் மண் தூவுகிறாள். இவ்வளவு சொன்னதுமே உயர்தர வகுப்பு மாணவியொருத்தி, "சேர், இது எங்கட கதைதானே?" என்றாள். கொவிட் தொற்றில் மரணித்த நமது ஜனாஸாக்கள் 2020இல் எரிக்கப்பட்டதையும், 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியதையும் சிறுவயதில் கண்டவர்கள் இவர்கள்.

நெஞ்சு கனத்தது. ஆயினும் 'ஆம்' என்று சொல்லி நிறுத்தினால் கிரேக்கம் கைநழுவிவிடும். பிறமொழி இலக்கியம் எதுவாயினும் 'நம்மைப் பற்றியது' என்று காட்டினால்தான் மதிப்பு என்ற பழக்கம் எம்மிடையே வேரூன்றியிருக்கிறது. நாடகத்தின் இறுதியில் தூதன் சொல்வதோ வேறு. மனம் மாறிய கிரியோனும் ஆட்களும் சிதைந்துகிடந்த உடலைக் கழுவி, புதிதாய் ஒடித்த கிளைகளை அடுக்கி எரித்து, மண்மேடு எழுப்புகின்றனர். வகுப்பு மௌனமானது. கழுவுதல் நாமறிந்தது. எரிப்பதும் மரியாதையாகும் என்பதை ஏற்கப் பிள்ளைகளுக்குச் சற்று நேரம் பிடித்தது. 'இலியட்'டின் முடிவில் ஹெக்டரும் எரிக்கப்படுகிறான். எலும்புகள் ஊதாத் துணியில் பொதியப்பட்டுப் பொற்பேழையில் வைக்கப்படுகின்றன. அவர்களுக்கு இழிவு நெருப்பல்ல, கிரியையின்றிக் கிடப்பதே.

கிரியோனை வெறும் கொடுங்கோலனாக்குவதும் சுலபம். துரோகிகளை அட்டிக்கா மண்ணில் அடக்கக்கூடாதென்ற சட்டம் ஏதென்ஸிலும் இருந்தது. எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் அடக்கவும் இடம் வைக்காததே அவன் வரம்பு மீறிய இடம் என்பது என் வாசிப்பு.

அதே மாணவி இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். குகையில் அடைத்த பெண்ணை விடுவி, பின் இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்றே முதியோர் குழாம் சொல்கிறது. கிரியோன் முதலில் உடலிடம் போகிறான். குகைக்கு வரும்போது அன்டிகனி தூக்கிட்டு மாண்டிருக்கிறாள்.

"உசிரோட இருந்தவள விட்டுட்டு ஏன் சேர் மையித்துக்கிட்டப் போனான்?"

மணியடித்த பின்னும் வகுப்பு அதைப் பற்றியே தர்க்கித்துக்கொண்டிருந்தது.