‘பவர்’ என்பது பெயரா, பண்பா?

வில்லியனூர் வழியாக விழுப்புரம் செல்லும் சாலையிலும், பாகூர்ப் பக்கம் கடலூர் சாலையிலும் உள்ள பெட்ரோல் பங்குகளைக் கவனித்திருப்பீர்கள். புதுச்சேரியில் வரி குறைவு. ஆதலால் தமிழகத்து வண்டிகளும் எல்லை தாண்டி வந்து நிரப்பிக்கொள்கின்றன. இவ்வாறு லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிப்பவர், ‘ஸ்பீட்’, ‘பவர்’ போன்ற பெயர்களைக் கண்டு உயர்வகைப் பெட்ரோலை வாங்கினால், மிச்சம் பிடித்ததை அங்கேயே இழக்கிறார். அந்தப் பெயர்களில் அறிவியல் உண்டா?

உயர்வகை என்பதன் அடையாளம் ஆக்டேன் எண். அது பெட்ரோலின் ஆற்றலை அளப்பதன்று. தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதையே அளக்கிறது. ஐசோ-ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள்.

எஞ்சினில் பிஸ்டன் மேலே வந்து பெட்ரோல்-காற்றுக் கலவையை அமுக்குகிறது. பிளக்கிலிருந்து பொறி கிளம்ப, சுடர் சீராகப் பரவ வேண்டும். சுடர் வந்து சேருமுன்பே மீதிக் கலவை தானாகப் பற்றிக்கொண்டால் ‘டக் டக்’ என்று தட்டும். நாளடைவில் பிஸ்டன் கெடும். அமுக்க விகிதம் 12-க்கு மேற்பட்ட வேக வண்டிகளுக்கு உயர் ஆக்டேன் பயன்படலாம். நம் ஊர்களில் ஓடும் 100 சி.சி. வண்டிகளின் விகிதம் ஏறத்தாழ 10 தான். சாதாரணப் பெட்ரோலுக்கென்றே அவை வடிவமைக்கப்பட்டவை.

இன்னொரு சான்று பாருங்கள். இந்தியாவில் ஒரு காலத்தில் 88 ஆக இருந்த ஆக்டேன் எண், பின்னர் 91 ஆயிற்று. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 95 என்று மத்திய அரசு 2025-இல் தெரிவித்தது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனால் தரும் வெப்பம், பெட்ரோல் தருவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக்டேன் ஏறியிருக்கிறது; லிட்டருக்குரிய வெப்பமோ குறைந்திருக்கிறது! எண் உயர்ந்தால் ஆற்றல் உயரும் என்பது எப்படிச் சரியாகும்?

உயர்வகைகள் சிலவற்றில் எஞ்சினில் படியும் கசடை நீக்கும் பொருள்கள் சேர்க்கப்படுவதுண்டு. அது நற்பயனே, ஆனால் அது துப்புரவு, வேகமன்று.

பாகூர் உழவர் உரம் வாங்கும்போது மூட்டையின் பெயரை மட்டுமா பார்க்கிறார்? 17:17:17 என்று சத்துகளின் விகிதத்தையும் பார்க்கிறார். பெட்ரோலிலும் ஆக்டேன் எண், எத்தனால் பங்கு, ஏற்ற எஞ்சின் ஆகியவை விற்பனைப் பெயரைவிடப் பெரிதாக, தமிழில் எழுதப்பட வேண்டும். அதுவரை உங்கள் வண்டியின் கையேட்டைப் புரட்டுங்கள். அதில் குறித்த எண்ணுக்கு மேல் கொடுக்கும் காசுக்கு வேகம் கிடைக்காது.