ஓம் விதிச் சக்கரம்: சூத்திரம் சரி, நிபந்தனை எங்கே?

எலெக்ட்ரீஷியன் கையேட்டிலிருந்து மொபைல் கால்குலேட்டர் வரை எல்லா இடத்திலும் ஒரு வட்டப் படம் இருக்கும். நடுவில் நாலு எழுத்து: வி, ஐ, ஆர், பி. அதாவது மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன். சுற்றிலும் 12 சூத்திரங்கள். நாலில் எந்த இரண்டு தெரிந்தாலும் மற்ற இரண்டும் கிடைத்துவிடும். 'ஓம் விதிச் சக்கரம்' என்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீங்க.

சூத்திரம் எதுவும் தப்பில்லை. ஆனால் எது எப்போது செல்லும், எந்த எண்ணைப் போடணும் என்ற நிபந்தனை மொத்தமும் படத்திலிருந்து காணாமல் போய்விட்டது. அதுதான் என் விமர்சனம். எங்க தொழில் பாஷையில் சொன்னால், இன்புட்டைச் சரிபார்க்காத ஃபங்ஷன் இது. எதைக் கொடுத்தாலும் விடை வரும், எரரே வராது.

முதலில், இதில் வெவ்வேறு சரக்குகள் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஆர் = வி ÷ ஐ என்பது வெறும் வரையறை. எந்தப் பொருளுக்கும் அந்த வகுத்தலைச் செய்யலாம். பி = வி × ஐ என்பது ஆற்றல் கணக்கு; பல்ப், மோட்டார், பேட்டரி எல்லாவற்றுக்கும் அந்தந்தக் கணத்தில் பொருந்தும். ஐ² × ஆர் என்பது வெப்பக் கணக்கு. ஜூல் 1841-இல் வெளியிட்டது. இதில் ஓம் சொன்னது எது? அழுத்தத்தை மாற்றினாலும் அந்த வகுத்தலின் விடை மாறாது என்பதுதான். அது வரையறை இல்லை, சோதித்துக் கண்ட உண்மை. அதுவும் சில பொருள்களுக்கு, சில நிலைமைகளில் மட்டும்.

அந்த நிலைமைக்காக ஓம் எவ்வளவு மெனக்கெட்டார் தெரியுமா? அக்கால பேட்டரிகளின் அழுத்தம் நிலையாக நிற்காது. அதனால் போகென்டார்ஃபின் யோசனைப்படி பிஸ்மத்–செம்பு வெப்ப இணைக்கு மாறினார். ஒரு முனை கொதிநீரில், மறுமுனை பனிக்கட்டியில். அப்படித்தான் நம்பத்தகுந்த அளவீடு கிடைத்தது. புத்தகம் 1827-இல் வந்தது. நம்ம பள்ளிப் பாடத்திலும் 'மாறா வெப்பநிலையில்' என்று ஒரு வார்த்தை இருக்கு. சக்கரம் அதைத்தான் முதலில் கழற்றிப் போட்டது.

அதன் விளைவைப் பாருங்க. 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் சுமார் 65 ஓம் காட்டும். சக்கரத்தில் 230 வோல்ட்டையும் 65 ஓமையும் போட்டால் 814 வாட் என்று வரும்! காரணம், எரியும்போது டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகி, தடை 882 ஓமுக்கு ஏறிவிடுகிறது. 814 என்பதும் பொய் எண் இல்லை. ஸ்விட்ச் போட்ட அந்த முதல் கணத்தின் திறன் அந்த அளவில்தான் இருக்கும். பல்ப் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்து ஒரு 12 வோல்ட் டிசி மோட்டார். சுருளின் தடை 1 ஓம், ஓடும்போது 2 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் மூன்று சூத்திரங்கள் மூன்று விடை தரும்:

வி × ஐ = 24 வாட்.
ஐ² × ஆர் = 4 வாட்.
வி² ÷ ஆர் = 144 வாட்.

எது சரி? மூன்றுக்கும் அர்த்தம் உண்டு. 24 என்பது மோட்டார் வாங்கும் மொத்தத் திறன். 4 என்பது சுருளில் வெப்பமாகப் போவது. மீதி 20 சுழற்சிக்குப் போகிறது. 144 என்பது தண்டு சிக்கி நின்றுபோனால் சுருளில் இறங்கும் வெப்பம். சிக்கிய மோட்டார் ஏன் புகைகிறது என்பதற்கு விடையே அந்த மூன்றாவது எண்தான். 'எதை வேண்டுமானாலும் எடு, ஒரே விடைதான்' என்ற சக்கரம் இந்த அழகான பாடத்தை மறைத்துவிடுகிறது.

இன்னொன்று, 'எந்த வி?' என்ற கேள்வி. 11,000 வோல்ட் லைனில் 10 ஆம்பியர் போகிறது, கம்பியின் தடை 5 ஓம். இழப்பு ஐ² × ஆர், அதாவது 500 வாட். வி² ÷ ஆர் என்று 11,000-ஐப் போட்டால் 2.42 கோடி வாட் வரும். லைன் சுமப்பதே சுமார் 1.1 லட்சம் வாட்தானே! அங்கே போட வேண்டிய வி, கம்பியின் இரு முனைகளுக்கு இடையே விழும் 50 வோல்ட். 50² ÷ 5 = 500; கணக்கு கச்சிதமாக உட்காரும்.

இதெல்லாம் பரீட்சைச் சிக்கல் மட்டும் இல்லை. 2,000 வாட் கீசரின் பிளக் பின் லூசாகி, தொடும் இடத்தில் அரை ஓம் தடை வந்துவிட்டது என்போம். மின்னோட்டம் சுமார் 8.5 ஆம்பியர். அந்தச் சின்ன இடத்தில் 36 வாட் வெப்பம். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! மின்னோட்டம் கூடவில்லை, கொஞ்சம் குறைந்தேதான் இருக்கு. அதனால் எம்சிபி டிரிப் ஆகாது. சாக்கெட் கருகும். கீசர் முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுகிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அந்த ஒரு முனையை மட்டும் பிரித்துப் பார்க்கிறவருக்குத்தான் ஆபத்து தெரியும்.

சக்கரத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. டிசி சுற்றில் ஒரு ரெசிஸ்டர், நிக்ரோம் சுருள் ஹீட்டர் போன்றவற்றுக்கு அது நன்றாகவே உழைக்கும். ஏசியில் ஓடும் ஃபேனுக்கோ எல்இடி பல்புக்கோ, மீட்டரில் பார்த்த வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வராது. பவர் ஃபேக்டரும் வேணும். ஆகவே படத்தின் ஓரத்தில் மூன்று கேள்விகளை எழுதி வைத்தால் போதும்: எந்த இரு முனைகளுக்கு இடையே உள்ள வி? ஆர் அளந்தபோது இருந்த சூடுதான் இப்போதும் இருக்கா? மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் மாறுதா?

மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் அது ஏமாற்றாது.