‘அந்த நாள்’: ஐயமும் குற்றமும் நீதியும்

1954 இல் எஸ். பாலசந்தர் நெறிப்படுத்திய ‘அந்த நாள்’, பாடலின்றியும் தமிழ்த் திரைப்படம் அமையலாம் எனக் காட்டியது. எனினும் அதன் சிறப்பு அப்புதுமையோடு முடிவதன்று.

1943 ஒக்டோபரில் யப்பானியர் சென்னையில் குண்டு வீசியமையே கதையின் பின்னணி. 1942 ஏப்ரலில் அவர்தம் தாக்குதலுக்கு ஆளான கொழும்பினர்க்கு அவ்வச்சம் அந்நியமானதன்று. வானொலிப் பொறியியலாளனான ராஜன் சுடப்பட்டு இறக்கிறான். துப்பறியும் அதிகாரி சிவானந்தத்தின் முன் உடன்பிறந்தான், அவன் மனைவி, அயலவர், ஆசைநாயகி ஆகியோர் ஆளுக்கொரு கதை கூறுகின்றனர். பிறர்மீது ஐயத்தைத் திருப்ப முனைகையில், தத்தம் பேராசையையும் பகைமையையும் அவர்களே வெளிப்படுத்திவிடுகின்றனர். குற்றச்சாட்டே கூறுவோரின் ஒப்புதல் வாக்குமூலமாகிறது.

இறுதியில், ராஜன் பகைவர்க்கு உளவாளி என்பதும், அவனைச் சுட்டவள் மனைவி உஷா என்பதும் புலனாகின்றன. தன்னலம் உடையோர் கொல்லவில்லை. கொன்றவளிடம் தன்னலம் இல்லை. கொலையாளி யார் என்ற வினா தீர்ந்த பின்னும் குற்றவாளி யார் என்ற வினா எஞ்சுகிறது.

அவ்வினாவைப் படம் முழுமையாகத் தொடரவில்லை என்பதே குறை. தன் திறமை மதிக்கப்படவில்லை என்ற ராஜனின் மனக்குறையைக் காட்டிய படம், அவனைப் புறக்கணித்தோரை விசாரிக்கவில்லை. கூண்டில் குடும்பம் நிற்கிறது, சமுதாயம் தப்பிவிடுகிறது.