மேடை, ஏடு, இசை: பிரித்து எழுதப்பட்ட பெண்கள்

டி.பி. ராஜலட்சுமியைத் தமிழ் சினிமா வரலாறு நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறது. 1931 அக்டோபர் 31இல் வெளியான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி அவர். 'கமலவல்லி' என்ற நாவலை எழுதி, அதை 1936இல் 'மிஸ் கமலா' என்ற படமாக்கித் தாமே இயக்கி நடித்தவரும் அவரே. ஆனால் தமிழ் நாவலைப் பற்றிய பேச்சில் அந்தப் பெயர் எழுவது அரிது. நாடகமேடைப் பாடகியாக அவர் பெற்ற பயிற்சியும் இசை வரலாற்றுக்குள் வருவதில்லை. ஒரே பெண்ணின் வாழ்க்கையை மூன்று துறைகள் பங்கு போட்டுக்கொண்டன. ஒரு துறை எடுத்துக்கொண்டது, மற்ற இரண்டும் கைவிட்டன.

இந்தப் பங்கீடுதான் நம் கலை ஆய்வின் பெருங்குறை என்று கருதுகிறேன். நடிப்பு, எழுத்து, இசை மூன்றையும் கைக்கொண்ட பெண்களைப் 'பன்முகத் திறமையாளர்' என்று பாராட்டிவிட்டு நகர்வது போதாது. அந்தப் பன்முகம் ஏன் தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும்.

மேடை கேட்ட கல்வி

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களில் தெருக்கூத்து நெடுங்காலம் ஆண்களின் மேடை. திரௌபதி வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண் தன் குரலோடு மேடையேற வழி திறந்தவற்றுள் முதன்மையானது ஸ்பெஷல் நாடகம். அதில் ராஜபார்ட் எனும் கதாநாயகனும் ஸ்திரீபார்ட் எனும் கதாநாயகியும் தனித்தனியே அமர்த்தப்படுவார்கள். கூட்டு ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில் சந்தித்து, விடியும்வரை பாடியும் தர்க்கம் செய்தும் கதையை நடத்த வேண்டும். ராகம், தாளம், மனப்பாடம், அந்தக் கணத்தில் வசனம் கட்டும் திறன் எல்லாம் ஸ்திரீபார்ட் நடிகையிடம் இருந்தாக வேண்டும். நடிகையும் பாடகியும் ஆசிரியரும் ஒரே உடம்பில் இருந்தாலொழிய அந்த நாடகம் நடக்காது.

அந்த மேடைக்கு 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' போன்ற பனுவல்களைத் தந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில்தான் மறைந்தார். அவரது சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. கே.பி. சுந்தராம்பாளின் புகழ் வளர்ந்தது இந்த நாடகங்களில்தான்.

எழுதத் துணிந்தவர்கள்

மேடைக்கும் ஏட்டுக்கும் இடையே பாலம் அமைத்தவர்களில் வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) முதன்மையானவர். எழுதப் பழகுமுன்பே தோழியிடம் சொல்லி எழுதவைத்து 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை உருவாக்கினார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களைத் தந்தார். அவர் தேர்ந்த பாடகி என்பதும், இளம் டி.கே. பட்டம்மாளுக்கு ஊக்கம் தந்தவர் என்பதும் நாவல் ஆய்வுகளில் அடிக்குறிப்பாகச் சுருங்குகின்றன.

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) இசைக்கலைஞர். கவிஞர் முத்துப்பழனியின் தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்து, அரசின் தடைக்கு ஆளானவர். பி. பானுமதி நடித்தார், பாடினார், தெலுங்கில் மாமியார் கதைகள் எழுதினார், 1953இல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கினார், சென்னை அரசு இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார்.

இவர்களை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. பிறர் எழுதியதை நடிக்கும் நிலையிலிருந்து, தன் கதையைத் தானே முடிவு செய்யும் நிலைக்கு நகர ஒவ்வொருவரும் இன்னொரு கலையைக் கைக்கொண்டார்கள். பல கலை பயின்றது அலங்காரத்துக்காக அல்ல, அதிகாரத்துக்காக.

அயலிலும் இந்தப் பாதை உண்டு. அயர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தில் வயலின் கலைஞராகப் பெயர் பெற்ற மாட் மெக்கார்த்தி (1882-1967), அன்னி பெசன்ட்டோடு இந்தியா வந்து நம் இசையைப் பயின்றார். அதைப் பற்றி எழுதியும் பாடியும் காட்டினார்.

ஆய்வுகள் வந்த தூரம்

சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் வெளியிட்ட நூல் நாடகம், பாட்டு, சினிமா மூன்றையும் தேசிய அரசியலோடு இணைத்துக் காட்டியது. சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூலில் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் சுமக்கும் சமூக இழிவை மதுரைக் களப்பணி வழியே ஆராய்ந்தார். கர்நாடக வயலின் பயின்ற மானிடவியலாளர் அமாண்டா வைட்மேன் 2006இல் பெண்குரலின் அரசியலை எழுதினார். தேவரடியார் மரபின் எஞ்சிய நினைவுகளை தவேஷ் சொனேஜி 2012இல் தொகுத்தார். நான்கும் மதிப்புமிக்கவை. ஆயினும் இவற்றின் களம் பெரும்பாலும் பழைய சென்னை மாகாணமே.

புதுச்சேரியின் கதை வேறு. 1947இல் சென்னை மாகாணம் இயற்றிய தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கும், 1876ஆம் ஆண்டின் ஆங்கிலேய நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கும் 1954வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்த மண் வெளியே நின்றது. பாகூர்ப் பக்கத்து ஊர்கள் கடலூர் ஊர்களோடு பின்னிக் கிடப்பவை. அன்று ஒரு நாடகக் குழு வயல் வரப்பைத் தாண்டினால் சட்டமே மாறிவிட்டது. அந்த எல்லை பெண் கலைஞர்களுக்கு என்ன பொருள்பட்டது என்பதே இப்போது எழுதப்பட வேண்டிய அத்தியாயம்.

இன்றைய களம்

மரபு அறுந்துவிடவில்லை. வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கிய ஆதிசக்தி நாடகக் குழு பின்னர் புதுச்சேரிக்கு அருகே குடியேறியது. உடற்பயிற்சி, மிழாவு எனும் தாளக்கருவி, எழுத்து எல்லாம் அங்கே ஒரே பாடம். அதில் வளர்ந்த நிம்மி ராஃபேல் நடனம் பயின்றவர், தாளம் வாசிப்பவர், நடிப்பவர், தம் நாடகங்களைத் தாமே எழுதி இயக்குபவர். அரியாங்குப்பத்தில் அரசின் பாரதியார் பல்கலைக்கூடம் இசையும் நடனமும் கற்பிக்கிறது. காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் இயங்குகிறது.

பாகூரில் கல்வி நிலையத்துக்காக மூன்று ஊர்களைக் கொடையளித்ததைப் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் செப்பேடு சொல்கிறது. கற்றலைப் போற்றிய மண் இது. ஆகவே இங்குள்ள நிறுவனங்கள் சேர்ந்து செய்யக்கூடிய பணியை வெளிப்படையாகவே கேட்கிறேன். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மேடையேறிய பெண்களின் நினைவுகளை ஊர் ஊராகப் பதிவு செய்ய வேண்டும். நாடக நோட்டீஸ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் பிரெஞ்சு நிர்வாக ஆவணங்களையும் அந்தப் பதிவுகளோடு ஒப்பிட வேண்டும். பதிவேட்டைத் துறைவாரியாகப் பிரிக்காமல் ஆள்வாரியாகத் தொடங்க வேண்டும். மேடையேறி ஐம்பது ஆண்டு கடந்தவர்களிடமிருந்து தொடங்குவதே முறை. அவர்களுக்குப் பிறகு கேட்க ஆள் இருக்காது.